பி.ஏ.யோடு நிற்கிறவர்களின் பாடம்

எங்கள் தெருவில் பி.ஏ. என்பது கடைசிப் படிப்பு. அதற்கு மேல் படித்தவர்களே இல்லை என்று சொல்லவில்லை. நானே தமிழ் எம்.ஏ. வரைக்கும் வந்தவள்தான். ஆனால் என்னை மாதிரி வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்பிள்ளை பி.ஏ. கடைசிப் பருவத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் நேரு வீதி ஜவுளிக்கடை, சேதராப்பட்டு கம்பெனி. புதுச்சேரி நகரத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரன் வாழ்ந்த வீதிகள், மேற்கே தமிழர்கள் வாழ்ந்த வீதிகள், இரண்டுக்கும் வெளியே நாங்கள். இந்த வெளியிலிருந்து கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று வருசம்தான் கணக்கு. புதிய கல்விக் கொள்கை நான்கு வருசப் பட்டம் என்று சொன்னாலும் மூன்றாவது வருசத்தோடு வெளியே வர வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசலில் முதலில் இறங்கப்போவது யார் என்று நமக்குத் தெரியும். அந்த மூன்று வருசத்தில் அவளுக்கு எது சொல்லித் தரப்படவில்லையோ அது பிறகு எங்கேயும் சொல்லித் தரப்படப்போவதில்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் பாலினம், பாலியல் பற்றிய படிப்பைப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு படிப்பு என்றாலே நம் தோழர்கள் பலருக்கு முதலில் சிரிப்பு வருகிறது. 'ஆம்பள பொம்பள விசயத்தப் படிக்க காலேஜ் வேறயா?' என்று கேட்கிறார்கள். நம்மை ஆணாகவும் பெண்ணாகவும் சமூகம் எப்படிச் செய்து எடுக்கிறது, யார் யாரைத் தொடலாம், யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாருடைய ஆசைக்குக் குற்றம் என்று பெயர், யாருடைய உழைப்புக்குக் கூலியே கிடையாது, ஆண் பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காதவர்களை என்ன செய்கிறார்கள் - இவைதான் அந்தப் படிப்பின் கேள்விகள். இதில் எந்தக் கேள்வி நம் தெருவுக்கு வராத கேள்வி?

1970இல் அமெரிக்காவில் சான் டியாகோ அரசுப் பல்கலைக்கழகம் பெண்ணியல் படிப்பைத் தொடங்கியது. இன்று அங்கே பதினெட்டு வயதுப் பிள்ளை இதையே முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலைப் பட்டம் வாங்கலாம். நம் நாட்டிலும் இது நேற்று வந்த சங்கதி இல்லை. 1974இல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகம் பெண்ணியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது. இந்தியப் பெண்களின் நிலைமையை ஆராய அரசு போட்ட குழுவின் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையும் 1974ஆம் வருசத்ததுதான். 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவின் பணத்தில் பல இடங்களில் பெண்ணியல் மையங்கள் வந்தன. எங்கள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும் ஒரு மையம் உண்டு. ஆக ஐம்பது வருச வரலாறு. ஆனால் பெரும்பாலும் எல்லாம் எம்.ஏ., ஆய்வுப் பட்டம், சான்றிதழ் வகுப்பு. கீழே பி.ஏ.வுக்கு வரும்போது ஏதாவது ஒரு பருவத்தில் ஒரு தாள், பல இடங்களில் அதுவும் விருப்பத்தாள். மச்சில் சோற்றை வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்ட மாதிரி.

போன வருசம் பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாவது முடித்துவிட்டு சென்டாக் விண்ணப்பம் போட என்னிடம் வந்தாள். பாடப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: "ஏங்க்கா, பொம்பளைங்கள பத்தி, திருநங்கைங்கள பத்தியெல்லாம் படிக்கற டிகிரி வெளிநாட்டுல இருக்குதாமே, போன்ல பாத்தேன். இங்க இல்லியா?" பட்டியலில் தமிழ் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் இருந்தன. அவள் கேட்டது இல்லை. அவளுடைய அம்மா வைட் டவுனில் ஒரு விடுதியில் அறை பெருக்கித் துடைக்கிறவர். அந்த அக்கா பட்டென்று சொன்னார்: "அதப் படிச்சா எவன் வேல குடுப்பான்? பொம்பளையா இருக்கறதுன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? நானே சொல்லித் தரேன் அவளுக்கு."

இந்த இரண்டு கேள்விகளையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாசச் சம்பளம் வீட்டுக்கு வராதவரைக்கும் நமக்குப் படிப்பு ஒரு செலவுதான். ஆனால் தமிழ் பி.ஏ. படித்தால் எவன் வேலை கொடுப்பான், வரலாறு படித்தால் எவன் கொடுப்பான் என்று இவ்வளவு காட்டமாக யாரும் கேட்பதில்லை. எந்தப் பட்டமானாலும் போதும் என்கிற அரசுத் தேர்வுகளைத்தான் அந்தப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். பெண்கள் காவல் நிலையம், குடும்ப நீதிமன்றம், குழந்தைகள் நலக் குழு, மகளிர் விடுதி, அங்கன்வாடி, வேலையிடத்துப் பாலியல் புகார்களை விசாரிக்கிற உள்ளகக் குழு என்று இந்தக் கேள்விகளோடு மோதாமல் நடக்க முடியாத இடங்கள் எத்தனை. அங்கெல்லாம் இந்தக் கேள்விகளைப் படிக்காதவர்கள் உட்கார்ந்து, வருகிற பெண்ணிடம் "நீ ஏம்மா அந்த நேரத்துல அங்க போன?" என்று கேட்கிறார்கள்.

அந்த அக்காவின் இரண்டாவது வார்த்தை இன்னும் கனமானது. அவருக்குத் தெரியும்தான். எந்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெருக்க வேண்டும், எந்த முதலாளியின் முன்னால் குனியக் கூடாது, எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் தனி டம்ளர் வரும் என்பதெல்லாம் அவர் உடம்பில் எழுதியிருக்கிறது. என் அம்மாவும் வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்தவள். கொல்லை வாசல் வழியாகப் போய்க் கொல்லை வாசல் வழியாக வந்தவள். அந்த வீட்டுப் பெண்ணும் பெண்தான், இவளும் பெண்தான், ஆனால் இரண்டு பேருக்கும் வாசல் வேறு வேறு. இது ஏன் இப்படி என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. தெரிந்ததைக் காரணத்தோடு சேர்த்துப் பார்க்கிற வேலைக்குத்தான் படிப்பு என்று பெயர்.

நான் படித்த தமிழ் பி.ஏ.யை எடுத்துக்கொள்வோம். சொன்னால் வேடிக்கையாக இருக்கும், அது முழுக்க முழுக்கப் பாலியல் படிப்பு. அகத்திணை, களவு, கற்பு, உடன்போக்கு, பரத்தையிற் பிரிவு. தலைவி யாரோடு போனாள், தாய் எப்படி அழுதாள், தலைவன் எந்த வீட்டில் தங்கிவிட்டு விடியற்காலையில் வந்தான், இதுதான் மூன்று வருசமும். ஆனால் அதைப் பாலியல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பண்பாடு என்பார்கள். பரத்தை வருகிற இடத்தில் எங்கள் ஆசிரியர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பெண்கள் பக்கம் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம்.

அதே பாடத்தில் இன்னொன்றும் இருந்தது. அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணை என்று ஒதுக்கிய புறத்தில், அடியோருக்கும் வினைவலருக்கும் இடம் உண்டு என்கிறது தொல்காப்பியம். அடியோர் என்றால் அடிமைகள். வினைவலர் என்றால் பிறர் ஏவிய வேலையைச் செய்கிறவர்கள். அதற்கு இளம்பூரணர் காரணமும் சொல்கிறார்: பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களால் அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் நடக்க முடியாது, அவர்களுக்கு நாணமும் குறைவு. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. வேலைக்குப் போகிற சேரிப் பொம்பளைக்கு வெட்கம் கிடையாது என்று இன்றைக்கும் வீதியில் பேசுகிற பேச்சுக்கு இத்தனை பழைய உரை இருக்கிறதா? எழுந்து, "ஐயா, அடியோர் காதல் ஏன் அகத்துக்குள்ள வரல?" என்று கேட்டேன். "அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றார். தலைவியின் காதல் பரீட்சைக்கு வந்தது. எங்கள் காதல் வரவில்லை.

இலக்கண வகுப்பில் நன்னூல் வந்தபோது பேடு என்ற சொல் வந்தது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால், இரண்டு பேரும் அஃறிணையைப் போலவும் சொல்லப்படுவார்கள் என்று சூத்திரம் போகிறது. வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். மனுசரை அஃறிணையில் வைப்பது என்றால் என்ன, எந்த மனுசரையெல்லாம் இந்தச் சமூகம் அப்படி வைத்தது என்று கேட்க அந்த வகுப்பில் இடமில்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து, 2022இல் தமிழ்நாடு அரசு பால்புதுமையரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல் வந்துவிட்டது. அந்தச் சொல்லை வைத்துப் பாடம் நடத்த வகுப்பறைதான் வரவேண்டும்.

சரி, அப்படி ஒரு பி.ஏ. வந்தால் முதல் தாளில் எதை வைப்பது? ஐரோப்பாவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1916 மே 9ஆம் தேதி நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானிடவியல் கருத்தரங்கில் ஒரு மாணவர் கட்டுரை படித்தார். அவருக்கு வயது 25. பெயர் பீமராவ் அம்பேத்கர். 'இந்தியாவில் சாதிகள்' என்ற அந்தக் கட்டுரை சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வேலி போட்டுக்கொள்ள வேண்டுமானால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். புருசன் செத்தால் ஒரு பெண் உபரி ஆகிறாள். அவள் வெளியே கட்டிக்கொண்டால் வேலி உடையும், உள்ளேயே கட்டிக்கொண்டால் இன்னொருத்திக்கு மாப்பிள்ளை இல்லாமல் போகும். ஆகவே அவளைப் புருசனோடு எரி. எரிக்காவிட்டால் தாலியறுத்து மூலையில் உட்கார வை. பெண்டாட்டி செத்த ஆண் உபரி ஆனால்? அவனுக்கு இன்னும் வயசுக்கு வராத பெண்ணைக் கட்டி வை. உடன்கட்டை, விதவைக் கோலம், சிறுமி மணம் மூன்றும் சாதி வேலியின் மூன்று கம்பங்கள் என்று அவர் கண்டு சொன்னது, மேலை நாட்டில் பெண்ணியல் துறை பிறப்பதற்கு ஐம்பத்து நான்கு வருசத்துக்கு முன்னால்.

பி.ஏ.யிலும் எம்.ஏ.யிலும் இந்தக் கட்டுரையின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. இயக்கத்தின் படிப்பு வட்டத்தில், ஒரு ஓட்டுக் கொட்டகையில், இருபது பேர் தரையில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் முதலில் கேட்டேன். அம்பேத்கரைச் சட்டம் எழுதியவர் என்று சிலை வைத்துவிட்டார்கள். பெண்ணின் உடம்பைப் பூட்டித்தான் சாதியைக் காப்பாற்றுகிறார்கள் என்று சொன்ன மாணவரை மறைத்துவிட்டார்கள்.

இந்தப் பூட்டு பழைய காலத்து விசயம் என்கிறவர்கள் புதுச்சேரியிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் பஸ் ஏறிப் போய்வரலாம். அதன் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8ஆம் தேதி முருகேசனையும் கண்ணகியையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர், அவரும் கல்லூரியில் படித்தவர். இரண்டு மாசம் முன்னால்தான் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பரில், பதினெட்டு வருசம் கழித்து. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, காவல்துறையினர் உட்படப் பன்னிரண்டு பேருக்கு ஆயுள். 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. படிப்பு வந்தால் சாதி போய்விடும் என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் படித்தார்கள். தாங்கள் ஏன் கொல்லப்படலாம் என்பது மட்டும் அவர்கள் படித்த எந்தத் தாளிலும் இருந்திருக்காது.

புதுச்சேரிக்கென்று ஒரு தாள் வைக்கலாம். 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, மத வழக்கத்தைச் சேர்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். திருமணமும் வாரிசுரிமையும் அந்தச் சட்டப்படிதான் நடக்கும். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் பலர் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பெண் எடுத்தது யாரிடம், கொடுத்தது யாருக்கு? சொத்தில் மகளுக்கு என்ன கிடைத்தது? சட்டத்தில் துறந்த சாதி கல்யாணப் பந்தலில் திரும்பி வந்ததா? இந்தக் கேள்விகளோடு பி.ஏ. மாணவியை அவள் தெருவிலேயே நாலு வீட்டுக்கு அனுப்பினால் போதும், ஒரு பாட்டி சொல்வதில் பத்துப் புத்தகம் கிடைக்கும்.

ஆனால் பட்டம் வந்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. வருகிற பட்டத்துக்குள் யார் இருப்பார்கள் என்பது தனிச் சண்டை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆங்கிலம் ஆனர்ஸ் ஐந்தாம் பருவத்தில் பெண்கள் எழுத்து என்று ஒரு தாள் இருந்தது. அதில் பாமாவின் 'சங்கதி'யிலிருந்து ஒரு பகுதியும் சுகிர்தராணியின் கவிதைகளும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் இருந்தன. 2021 ஆகஸ்டில் அவற்றைத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய மேற்பார்வைக் குழுவில் தலித்தோ பழங்குடியோ ஒருவரும் இல்லை என்று எதிர்ப்புத் தெரிவித்த ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய ஊரில், அத்தனை பெரிய பல்கலைக்கழகத்தில், மூன்று வருசப் படிப்பில் சில பக்கம்தான் நம்முடையது. அந்தச் சில பக்கத்தையும் தாங்க முடியவில்லை. சேரிப் பெண் தன் உடம்பைப் பற்றித் தானே பேசினால் அவர்களுக்கு எங்கேயோ சுடுகிறது.

இந்தச் சண்டையும் பழையதுதான். தலித் பெண்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள் என்று 1995இல் கோபால் குரு எழுதினார். அதே வருசம் ரூத் மனோரமா உள்ளிட்டவர்கள் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 1998இல் ஷர்மிளா ரெகே தலித் பெண்ணின் நிலைப்பாட்டிலிருந்து பெண்ணியத்தையே திரும்ப எழுத வேண்டும் என்று வாதாடினார். இவையெல்லாம் நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பட்டப்படிப்பு முடித்து வெளியே வந்த பிறகும் இந்தப் பெயர்கள் என் காதில் விழவில்லை.

திருநங்கைகள் விசயத்தில் இன்னும் மோசம். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் கூவாகம். சித்திரை மாசம் கூத்தாண்டவர் விழாவுக்கு எத்தனை கேமராக்கள், எத்தனை ஆய்வு மாணவர்கள்! அவர்களைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. அவர்களே மாணவர்களாக உட்கார்கிற பெஞ்சு எங்கே? ரேவதி 'உணர்வும் உருவமும்' தொகுத்தார், லிவிங் ஸ்மைல் வித்யா 'நான் வித்யா' எழுதினார். இவை முதல் வருசத்திலேயே பாடமாக இருக்க வேண்டிய புத்தகங்கள். 2015இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அப்படியானால் தலித்தாகப் பிறந்த திருநங்கை எந்தச் சான்றிதழை நீட்டுவது? கிரேஸ் பானு போன்றவர்கள் கிடைமட்ட ஒதுக்கீடு கேட்டுப் போராடுவது இதற்காகத்தான். ஒவ்வொரு சாதிப் பிரிவின் ஒதுக்கீட்டுக்கு உள்ளேயும் திருநர்களுக்கு இடம் ஒதுக்கு என்கிறார்கள். சாதியையும் பாலினத்தையும் தனித்தனித் தாளாக நடத்தினால் இந்தக் கோரிக்கையே புரியாது.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டங்களில் "மொதல்ல சாதிய ஒழிப்போம், பொம்பள விசயத்த அப்புறம் பாத்துக்கலாம் தோழர்" என்று சொல்கிறீர்கள். அம்பேத்கர் அந்த வரிசையில் சொல்லவில்லை. அகமணம்தான் சாதி என்றால் பெண்ணின் விருப்பம் சாதி ஒழிப்பின் முதல் வேலையாகிறது. வெளியே சாதி மறுப்புத் திருமணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் தங்கை அருந்ததியர் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் அரிவாளைத் தேடுகிற அண்ணன்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். இது மேட்டுக்குடிப் பெண்கள் கண்டுபிடித்த பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான். பாலினமும் பாலியலும் ஒரு முழு இளங்கலைப் பட்டமாக வர வேண்டும். அது அரசுக் கல்லூரியில் வர வேண்டும், லட்ச ரூபாய் கட்டணம் வாங்குகிற தனியார் வளாகத்தில் வந்தால் நமக்குப் பிரயோசனமில்லை. தமிழில் படிக்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும். 1916 கட்டுரை முதல் பருவத்தில் இருக்க வேண்டும். 'கருக்கு', 'சங்கதி' விருப்பத்தாளுக்குள் ஒதுங்காமல் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும். தொல்காப்பியத்தை வைக்கட்டும், ஆனால் அடியோரும் வினைவலரும் பரீட்சைக்கு வரட்டும். கற்பிக்கிற இடத்தில் நம் பெண்களும் திருநர்களும் இருக்க வேண்டும். விடுதியில் அறை துடைக்கிற அக்கா வருசத்துக்கு நாலு நாள் வகுப்புக்கு வந்து பேசினால் அவருக்கும் சிறப்புப் பேச்சாளருக்குக் கொடுக்கிற பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வரலாறு படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேரும் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருகிறார்கள். அம்பேத்கரின் கட்டுரையை வரிவரியாகப் போய்க்கொண்டிருக்கிறோம். உபரிப் பெண் என்ற இடத்துக்கு வந்தபோது ஒருத்தி தன் அத்தையைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி தன்னைப் பற்றியே சொன்னாள். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. பல்கலைக்கழகம் நடத்த வேண்டிய வகுப்பை நாங்கள் ஓட்டுக் கொட்டகையில் நடத்திக்கொண்டிருக்கிறோம். நடத்துவோம். ஆனால் எங்கள் கொட்டகையால் பட்டம் கொடுக்க முடியாது, உதவித்தொகை கொடுக்க முடியாது, ஒரு பெண்ணின் கல்யாணத்தை மூன்று வருசம் தள்ளிப்போட முடியாது. அதைச் செய்யக்கூடிய கட்டடம் ஊரில் இருக்கிறது, நம் வரிப்பணத்தில் கட்டியது. அதன் வாசலில் போய் நின்று நம் பாடத்தைக் கேட்போம்.